அமாவாசை பெஞ்சு

என் நாத்தனார் டி.வி.யில் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார் தீய்ந்துபோனது. அவள் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியை. அவளும் கூட வேலை பார்க்கிற இன்னொரு பேராசிரியரும் சேர்ந்து ஓர் ஆய்வு எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு பத்திரிகை எழுத, அதைப் பார்த்து இன்னொரு பத்திரிகை எழுத, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் விவாதத்துக்கு டி.வி.க்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். செஞ்சியில் எங்கள் காலனியிலிருந்து டி.வி.க்குப் போன முதல் ஆள் அவள்தான். அடுப்பை யார் பார்ப்பார்கள்?

"இன்னா டீச்சர், என் தங்கச்சி மூஞ்சிக்கு வெள்ளை அடிச்சி வுட்டுட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், பாதி மரியாதை, பாதி நக்கல். அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியால் காயில் கட்டித் தருவார். அந்தக் கடையை வைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்தார். அவள் பேச்சைக் கேட்க அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டி.வி.யிலிருந்து அவள் இவரைப் பார்த்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

அவளுடைய ஆய்வு இதுதான். ஒரு திருட்டு நடந்தால் சந்தேகம் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது, ஏன் எப்போதும் அதே தெருவுக்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு, நம் தெருவில் மேய்கிற கழுதையைக் கேட்டால்கூடச் சொல்லுமே என்று நான் கிண்டல் செய்வேன். "கழுத சொன்னா எவனும் நம்ப மாட்டான் அண்ணி. அதுக்குத்தான் நாங்க டேபிள் போட்டு எழுதறோம்" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நாத்தனார்களைப் பற்றி நம் பழமொழிகள் சொல்வதையெல்லாம் அவளுக்காக நான் தள்ளிவைத்துப் பல காலம் ஆகிறது.

விவாதத்தில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தார். அவள் எதைச் சொன்னாலும், "அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்ப யாரும் அப்படிச் செய்றதில்லை" என்று சிரித்துக்கொண்டே மறுத்தார். என் நாத்தனார் ரோஷக்காரி. கோபம் வந்துவிட்டால் பல்கலைக்கழகத் தமிழ் பறந்துபோய் செஞ்சித் தமிழ் வந்து உட்கார்ந்துவிடும்.

"எந்தக் காலம் சார்? ஒரு டெய்லர் இருக்காரு. சின்ன ஊரு. வயசுல ஒரு தடவ சந்தேகத்துல இட்டுனு போனாங்க. கேசு இல்ல, ஒண்ணும் இல்ல, வுட்டுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அமாவாசையானா அவரே பஸ் ஏறிப் போயி ஸ்டேஷன் பெஞ்சுல ஒக்காந்துக்கறாரு. எங்கனா திருட்டுப் போனா நம்மளக் கைகாட்டக் கூடாதேன்னு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'மோட்டார் எரிஞ்சா வேற காயில் கட்டிக்கலாம். பேரு எரிஞ்சா எந்தக் கடையில காயில் கெடைக்கும்?'"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கைதட்டிச் சிரித்தாள். "ஐய, இது நைனா டயலாக்! அத்த திருடிட்டாங்க!"

அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து போய் மின்விசிறியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடி போட்டுவிட்டு, செருப்பு மாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் சாம்பார் வாடை வந்தது.

தையல்காரருக்கும் காயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஆறாம் வகுப்புப் பிள்ளை கட்டுரையில் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். அந்த வாக்கியத்தைத் தொண்டூரிலிருந்து மண்டகப்பட்டு வரைக்கும் கிணற்று மோட்டார் எரிந்த ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள். மொபெட்டின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து, "சீக்கிரம் குடுப்பா, மட்டமான கம்பியானாலும் பரவால்ல" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் அவர் சொல்வது அதுதான். மட்டமான கம்பி போட்டால் தன் பேர் கெடும் என்று அதற்குப் பொருள் என எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அது போயிற்று.

நடந்தது இது. இளவயதில் அவர் வேறோர் ஊரில் வைண்டிங் கடையில் வேலை பார்த்தார். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அமாவாசை இருட்டில் வயல் கிணறுகளிலிருந்து மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போவது அங்கே அடிக்கடி நடந்தது. உரித்தால் செம்பு. செம்பு என்றால் வைண்டிங் கடை. அந்தக் கடைத்தெருவில் செம்பைத் தொடுகிற கைகள் எத்தனையோ இருந்தன. ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் வீடு எங்கே என்று கேட்டார்கள். இவர் காலனி என்று சொன்னார். இவரை மட்டும் கூட்டிப்போனார்கள். சில நாள் கழித்து நிஜத் திருடர்கள் வேறெங்கோ அகப்பட, இவரை விட்டுவிட்டார்கள். விடும்போது அங்கிருந்த இன்ஸ்பெக்டர், "அடுத்த அமாவாசைக்கு நீயே வந்து இங்க ஒக்காந்துக்க. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாராம்.

இவர் போய் உட்கார்ந்தார். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றிருப்பார். இவருக்கு மட்டும் ஓய்வு வரவில்லை. செஞ்சியில் சொந்தக் கடை வந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, அமாவாசைப் பயணம் நிற்கவில்லை. அங்கே புதிதாக வந்த காவலர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. "இன்னா புகார் சார்?" என்று கேட்பார்களாம். "புகார் ஒண்ணும் இல்ல சார், அமாவாசை" என்பாராம். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அவர்களுடைய மின்விசிறியைப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன், ஒரு முறை செருப்பை ஒளித்துவைத்தும் பார்த்தேன். வெறுங்காலோடு பஸ் ஏறிவிட்டார்.

மகளுக்கும் தெருவுக்கும் நாங்கள் சொன்னது மேல்மலையனூர் அங்காளம்மன் என்று. முழுப்பொய்யும் இல்லை. மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து நேராகக் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, எலுமிச்சம்பழமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். தெருவில் பாதிப் பேர் அந்தக் குங்குமத்தைத்தான் இட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம் தவறாத பக்தர் என்று அவருக்கு நல்ல பேர். ஊஞ்சல் உற்சவத்தில் அம்மன் அலங்காரம் எப்படி என்று யாராவது கேட்டால், பார்த்தவர்களிடம் கேட்டுவைத்து அழகாகச் சொல்லுவார். நிஜத்தில் ஒரு தடவைகூட அவர் அதைப் பார்த்ததில்லை.

டி.வி.க்கு மறுநாள் எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார். "அப்ப எங்களுக்குக் குடுத்த குங்குமம்?"

"அம்மன் குங்குமம்தாங்க. அமாவாசைக்கு மறுநாள் வாங்கினது. ராத்திரி விடிஞ்சா அம்மனுக்கு சக்தி கொறஞ்சிடுமா?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். எதிர்வீட்டு அம்மாவை எனக்கு அதனால்தான் பிடிக்கும், நியாயம் சொன்னால் எடுத்துக்கொள்வார்.

மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. யாரும் கெடுதலாகப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அன்புதான் அவரைக் கொன்றது. தொண்டூர் விவசாயி ஒருவர் கடைக்கு வந்து தோளைத் தட்டி, "எங்க கெணத்து ஒயரு காணாமப் போச்சே, அப்பகூட உம்மேல எனக்குச் சந்தேகமே வர்லப்பா" என்றார். நல்ல மனிதர், மனதாரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், வர்லன்னு சொல்றதுக்கு முன்னாடி அது வந்துட்டுப் போயிருக்கணும் இல்ல?" இலக்கணத்தில் இதற்கு இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கடையைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். ஊர் பேசுவது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திண்டிவனம் காலேஜுக்குப் பஸ்ஸில் போய்வருகிற மகளின் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குப் பயம். அவளும் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. காலண்டரில் அடுத்த அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஊருக்கே தெரியும். அவர் போனாலும் அவமானம், போகாவிட்டால் பயத்திலேயே செத்துப்போவார்.

நாத்தனார் அமாவாசைக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"வாம்மா, டெய்லரக் காயில் கட்டவச்ச பெரிய படிப்பாளி! பேர மறச்ச, ஊர மறச்ச, வாய மறைக்கத் தெரியல?"

"திட்டுங்க அண்ணி, நல்லாத் திட்டுங்க" என்று அழுதாள். "நான் எழுதினதெல்லாம் இங்கிலீஷ்ல. அதுல யாருன்னு தெரியாது. பேட்டி குடுத்தவங்க சொன்ன வார்த்தைய நாங்க மாத்தக் கூடாது, அது ரூல். அந்த ஆளு சிரிச்சான் பாருங்க, எனக்கு ஆத்திரம் வந்துச்சு. அண்ணன் சொன்னது அப்படியே வாயில வந்துடுச்சு."

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "அவளத் திட்டாத டீச்சர். பேசறேன்னு ஒத்துக்கிட்டது நான்தானே. பொய்யா இன்னா சொல்லிட்டா?"

அவள் உள்ளே போய் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன காலத்தில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் போகவே, அவருக்குச் சோறு கொண்டுபோனது அவள்தான். குற்றவியல் படிக்கிறேன் என்று பிற்பாடு அவள் சொன்னபோது, வக்கீலுக்குப் படி, டீச்சருக்குப் படி என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் ஏன் என்று கேட்கவில்லை.

அமாவாசையன்று காலையில் எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ்ஸுக்குத் தயாராக நின்றார். நான் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். அமாவாசை தவறாமல் மாமனார் மாமியாருக்குப் படையல் போடுகிறவள் நான்தான். பெற்ற பிள்ளை அங்கே பெஞ்சில் இருப்பார், மருமகள் இங்கே காக்காவுக்குச் சோறு வைத்துக் கத்திக்கொண்டிருப்பேன். நாத்தனார் அவரைப் போகாதே என்றாள். அவர் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

அப்போது மகள் காலேஜுக்குப் போகிற பையை மாட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "வா நைனா, போலாம்."

"நீ எங்க வர்ற?"

"நீ எங்க போறியோ அங்க. பெஞ்சுல எனக்கும் எடம் இருக்கும் இல்ல? இத்தினி வருஷமா நீ தனியா ஒக்காந்துனு இருந்திருக்க, எனக்குத் தெரியாமப் போச்சு. எங்கிட்டப் பொய் சொன்னதுக்குத்தான் கோவம். மத்தபடி இன்னா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கம் இல்லை என்று அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இல வாங்கியாந்தாச்சா டீச்சர்?" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் ஒரு நிமிஷம் அழுதுவிட்டு வந்தேன். அழுவதற்கு வேறு காரணம் வேண்டுமா என்ன?

அவர் கையாலேயே படையல் நடந்தது. காக்காகூட அன்றைக்குச் சீக்கிரம் வந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "இன்னிக்கு எங்கனா ஒயரு போச்சுன்னா?" என்றார்.

"போனா போவுது. நீ வூட்ல இருந்தன்னு நாங்க சொல்ல மாட்டமா?" என்றாள் மகள்.

"வூட்டு ஆளுங்க சொல்றது சாட்சியாம்மா?" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் படிப்புக்கு அதற்குப் பதில் தெரியும், அந்தப் பதில் நல்லதாக இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பஜாரில் இன்னொரு வைண்டிங் கடை வைத்திருப்பவர். நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம், ஊர்த்தெருவில் வீடு. தொழிலில் இருவருக்கும் போட்டி, பேச்சில் அண்ணன் தம்பி. ஆனால் எங்கள் தெருவுக்குள் அவர் வந்ததே இல்லை. அன்றைக்கு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "வட இருக்குதாம்மா?" என்று கேட்டார். இலை போட்டேன். இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அவர் கை நனைப்பதைத் தெருவே எட்டிப் பார்த்தது.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "டி.வி. பாத்தேம்பா. அதே செம்பத்தான் நானும் தொடறேன். என்ன ஒரு நாளும் ஒருத்தனும் கேட்டதில்லையேன்னு அன்னிக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. இன்னிக்கு விடியற வரைக்கும் இங்கியே ஒன்னோட ஒக்காந்திருக்கேன். எவனா வந்து கேட்டா நான் சொல்றேன். எம் பேச்சு அங்க எடுபடும்."

அவர் சொன்னது நிஜம். அவர் பேச்சு எடுபடும். அவருடைய நல்ல மனசுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது, எதையாவது போட்டு உடைக்கலாம் போலவும் இருந்தது. "அண்ணி, நான் எழுதின மொத்தமும் இந்த 'எடுபடும்'ங்கற ஒரு வார்த்தைதான்" என்று என் காதில் சொன்னாள் நாத்தனார். "தெரியுது, சும்மா இரு" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

"அண்ணே, நீங்க வந்து சாப்பிட்டதே போதும். வீட்டுக்குப் போயிப் படுங்க. எவன் வந்து கேட்டாலும் நானே சொல்லிக்கறேன்."

பெரியவர் தயங்கினார். இவர் அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பாயை விரித்துப் படுத்தார். ஓர் அமாவாசையில் அவர் வீட்டில் படுத்துத் தூங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாகக் குறட்டை விட்டார்.

காலையில் கடையைத் திறக்கப் போய்விட்டார். எங்கேயாவது ஒயர் திருட்டுப் போனதா என்று அவர் யாரையும் விசாரிக்கவில்லை. பால்காரரிடம் நான்தான் விசாரித்தேன்.